ஸ்கிப் போடாதீங்க, அந்த டெஸ்ட் உண்மையைத்தான் சொல்லுது

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல மாட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கும், அடுத்த வருஷம் மாட்டப் போற ஜூனியர்ஸுக்கும் இதை எழுதுறேன். நான் எல்கேஜியில இருந்தே இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு அப்புறம் தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதுறது இதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தா எடிட்டோரியல் டீமைத் திட்டுங்க, என்னைத் திட்டாதீங்க. ஆனா கீழ சொல்லப் போற விஷயத்துக்கு என்னைத் திட்டலாம், அதுக்கு நான் தகுதியானவன்தான்.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க டீம்ல நாலு பேர். மூணு பேரோட லேப்டாப்ல எல்லா டெஸ்டும் பச்சை. ஒருத்தரோட லேப்டாப்ல மட்டும் ஒரு டெஸ்ட் சிவப்பு. என்ன பண்ணுவீங்க?

பெரும்பாலும் "உன் சிஸ்டம்ல ஏதோ பிரச்சனை, செட்டப்பைச் சரி பாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாப்பீங்க. நானும் அதைத்தான் பண்ணேன். இப்போ என் கருத்து வேற. ஒரே ஒரு மெஷின்ல மட்டும் விழுற டெஸ்டை, அந்த மெஷின் வச்சிருக்கிறவரோட தலைவலின்னு தள்ளி விடக் கூடாது. முதல் சந்தேகம் நம்ம கோடு மேலதான் வரணும். ஏன்னு சொல்றதுக்கு எங்க கதையையே சொல்லணும்.

எங்க ப்ராஜெக்ட்

மோட்டார் ஆடுற விதத்தை வச்சு அதோட பேரிங் தேய ஆரம்பிச்சிடுச்சான்னு கண்டுபிடிக்கிறது. மோட்டார் மேல ஒரு அதிர்வு சென்சார், பக்கத்துல ஒரு ராஸ்பெர்ரி பை. சென்சார் தர்ற எண்களை எடுத்து, எந்த ஃப்ரீக்வென்சியில அதிகமா ஆடுதுன்னு கணக்குப் போடணும். அந்தக் கணக்கை பைத்தான்ல எழுதினப்போ பை திணறுச்சு. அதனால அந்தப் பகுதியை மட்டும் சி-ல எழுதி, கம்பைல் பண்ணி, ஒரு லைப்ரரியா ஆக்கி, பைத்தான்ல இருந்து சிடைப்ஸ் வழியா கூப்பிட்டோம். அந்த சி கோடை எழுதினது என் டீம்ல இருக்குற தோழி. அவ பேரை இங்க போட வேண்டாம்னு சொல்லிட்டா.

இங்க ஒரு சின்ன விளக்கம். தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. பைத்தான் கோடு எழுத்தாவே இருக்கும், எந்த மெஷின்லயும் பைத்தான் இருந்தா ஓடும். சி லைப்ரரி அப்படி இல்ல. கம்பைல் ஆன உடனே அது ஒரு குறிப்பிட்ட வகை ப்ராசஸருக்கான கட்டளைகளா மாறிடும். நம்ம இன்டெல், ஏஎம்டி லேப்டாப்புக்கெல்லாம் எக்ஸ்86-64. பை, ஃபோன், ஆப்பிளோட எம்1 இதுக்கெல்லாம் ஆர்ம். ஆர்ம்லயே 32 பிட் தனி, 64 பிட் தனி. ஒண்ணுக்கான ஃபைலை இன்னொண்ணுல ஏத்த முடியாது. இப்படிப்பட்ட ஃபைலைத்தான் நேட்டிவ் லைப்ரரின்னு சொல்றோம்.

எங்க ரெப்போல ரெண்டு ஃபோல்டர் இருந்துச்சு. ஒண்ணுல எக்ஸ்86-64 லைப்ரரி, எங்க லேப்டாப்புக்கு. இன்னொண்ணுல 32 பிட் ஆர்ம் லைப்ரரி, எங்ககிட்ட இருந்த பழைய பை 3-க்கு. எதை ஏத்தணும்னு முடிவு பண்ற கோடை நான் எழுதினேன். மொத்தமே அஞ்சு வரி. மெஷின் பேரை பைத்தான்கிட்ட கேளு, அந்தப் பேர்ல "ஆர்ம்"னு எங்கயாச்சும் இருந்தா ஆர்ம் ஃபோல்டர், இல்லைன்னா எக்ஸ்86 ஃபோல்டர். என் லேப்டாப்ல ஓடுச்சு. பை 3-லயும் ஓடுச்சு, ஏன்னா அது தன் பேரை ஆர்ம்வி7எல்னு சொல்லும். ரெண்டு ஆர்க்கிடெக்சர்ல டெஸ்ட் பண்ணிட்டேன்னு எனக்கு ஒரே பெருமை.

தோழிகிட்ட இருந்தது எம்1 மேக்புக். அவ பெரியப்பா பையன் புதுசு வாங்கினப்போ பழசை இவளுக்குக் கொடுத்தது. அதுல டாக்கர் போட்டு லினக்ஸ் கன்டெய்னர்ல எங்க ப்ராஜெக்டை ஓட்டினா. லைப்ரரியை ஏத்துற டெஸ்ட் விழுந்துச்சு. எர்ரர் என்னன்னா, லைப்ரரியைத் திறக்க முடியல, அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்ல.

ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினா. "டேய், ஃபைல் இருக்குடா. லிஸ்ட் பண்ணா காட்டுது. ஆனா லோடு பண்ணா இல்லங்குது."

நான் சொன்ன பதில்: "பாத் தப்பா கொடுத்திருப்ப, சரியா பாரு."

பாத் சரியாத்தான் இருந்துச்சு. மறுபடி ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் நான் இணையத்துல தேடி ஒரு வழி சொன்னேன். டாக்கர் ஓட்டும்போது ப்ளாட்ஃபார்ம் லினக்ஸ் ஏஎம்டி64-னு ஒரு ஆப்ஷன் கொடு. அப்படிக் கொடுத்தா டாக்கர் இன்டெல் வகை மெஷின் மாதிரியே நடிக்கும். டெஸ்ட் பச்சையாயிடுச்சு. ஆனா ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டுறதால எங்களுக்கு ஒரு நிமிஷத்துல முடியிற டெஸ்டுங்க அவளுக்கு டீ குடிச்சிட்டு வந்தாலும் முடியல. நாலு நாள் பொறுத்துட்டு, "இது வேலைக்காகாது"ன்னா. நான் அந்த டெஸ்ட் மேல ஒரு ஸ்கிப் போட்டேன், எக்ஸ்86 இல்லைன்னா ஓட்டாதேன்னு. காரணம் எழுதுற இடத்துல "மேக்ல வேலை செய்யாது"ன்னு எழுதினேன். குரூப்ல "ஃபிக்ஸ்டு"ன்னு போட்டேன். கட்டை விரல் எமோஜி ரெண்டு வந்துச்சு. அவகிட்ட இருந்து வரல.

முதல் ரிவ்யூல பேனல் ஒவ்வொருத்தரையும் நீ என்ன பண்ணேன்னு கேட்டாங்க. அவ தன்னோட சி மாட்யூலைப் பத்திச் சொல்லிட்டு, "என் மெஷின்ல எல்லா டெஸ்டும் இன்னும் ஓடல மேம்"னு உண்மையைச் சொன்னா. பேனல் என்னைப் பாத்தாங்க, நான்தான் டீம் லீடர். நான் என்ன சொன்னேன்னா, "அவங்க சைட்ல என்விரான்மென்ட் இஷ்யூ மேம், எங்க மூணு பேருக்கும் ஓடுது." மேடம் ஏதோ குறிச்சுக்கிட்டாங்க. மார்க் வந்தப்போ நாலு பேர்ல அவளுக்குத்தான் கம்மி. ப்ராஜெக்ட்லயே கஷ்டமான பகுதியை எழுதினவளுக்கு.

ரெண்டாவது ரிவ்யூ

லேப்ல இருந்து பை 4 ஒண்ணு கொடுத்தாங்க. புது எஸ்டி கார்டு, 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ். மோட்டாரை டேபிள் மேல வச்சு, சென்சாரை மாட்டி, பேனல் முன்னாடி ஓட்டினேன்.

லைப்ரரியைத் திறக்க முடியல. அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்ல.

எழுத்துக்கு எழுத்து அதே மெசேஜ். தோழி என் பக்கத்துல நின்னுட்டு இருந்தா. எதுவும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்குப் பரவாயில்லாம இருந்திருக்கும்.

உண்மையில என்ன நடந்துச்சுன்னு அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். 64 பிட் ஆர்ம் லினக்ஸ் தன் பேரை ஆர்ம்64-னு சொல்லாது. ஏஆர்ச்64-னு சொல்லும். இங்கிலீஷ்ல எழுதிப் பாருங்க: ஏ, ஏ, ஆர், சி, எச். அதுல எம்-ங்கிற எழுத்தே கிடையாது. "ஆர்ம்"னு இருக்கான்னு தேடுற என் கோடு இல்லைன்னு முடிவு பண்ணி, "இல்லைன்னா எக்ஸ்86"ங்கிற கிளைக்குப் போயிடுச்சு. ஆர்ம் மெஷின்ல இன்டெல் லைப்ரரியை ஏத்தப் பாத்துச்சு. வேடிக்கை என்னன்னா, அதே மேக்ல டாக்கர் இல்லாம பைத்தான்கிட்ட பேர் கேட்டா ஆர்ம்64-னு வரும். ஒரே சிப், ரெண்டு பேர். விண்டோஸ்ல போய்க் கேட்டா இன்டெல் லேப்டாப்பே தன்னை ஏஎம்டி64-னு சொல்லிக்கும், லினக்ஸ்ல எக்ஸ்86-64-னு சொல்லும்.

சரி, ஃபைல் இருக்கும்போது ஏன் "இல்ல"ன்னு சொல்லுது? லினக்ஸ்ல லைப்ரரியை ஏத்துற லோடர், ஃபைலோட ஆரம்பத்துல இருக்குற ஹெடரைப் படிச்சு இது நம்ம ப்ராசஸருக்கானதான்னு பாக்கும். வேற ப்ராசஸரோடதா இருந்தா அதைக் கணக்குலயே எடுத்துக்காம, கிடைக்காத ஃபைல் மாதிரி வச்சுக்கும். கடைசியில பொருந்துறது எதுவும் இல்லைன்னா "இல்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடும். அதே தப்பை மேக்ல பண்ணா அது தெளிவாச் சொல்லும்: உங்ககிட்ட இருக்கிறது எக்ஸ்86-64, வேண்டியது ஆர்ம்64-னு. ஆக, தோழி அனுப்பின "இருக்கு, ஆனா இல்லங்குது"ங்கிற வாக்கியத்துலயே பதில் இருந்துச்சு. கோடு எழுதினவன் ஒரு தடவை நின்னு கேட்டிருந்தா கிடைச்சிருக்கும்.

அவசர ஃபிக்ஸும் அதோட கதியும்

அன்னைக்கு ராத்திரியே நான் "சரி" பண்ணேன். பேர் ஏஆர்ச்64-னா 64 பிட் ஆர்ம் ஃபோல்டருக்குப் போ. பை 4-ல கம்பைல் பண்ணி அந்த லைப்ரரியையும் உள்ள வச்சேன். ஓடுச்சு. நிம்மதியாத் தூங்கினேன்.

மறுநாள் பை 3-ல இருந்த எங்க பழைய கார்டை எடுத்து, அப்டேட் பண்ணிட்டு, பை 4-ல மாட்டினோம். சென்சார் செட்டிங் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. மறுபடி விழுந்துச்சு, ஆனா இந்தத் தடவை மெசேஜ் வேற: எல்ஃப் கிளாஸ் தப்பு, 64.

இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம், ஆனா பை வச்சு ப்ராஜெக்ட் பண்ற யாருக்கும் வரலாம். அந்தக் கார்டுல இருந்தது 32 பிட் ஓஎஸ். ஆனா பை 4-ல, 2023-ல வந்த மாற்றத்துக்கு அப்புறம், 32 பிட் ஓஎஸ் போட்டாலும் கெர்னல் மட்டும் 64 பிட்டா பூட் ஆகும். பைத்தான்ல மெஷின் பேரைக் கேட்டா அது கெர்னல்கிட்ட கேட்டுச் சொல்லுது, அதனால ஏஆர்ச்64-னு வருது. ஆனா கேட்கிற பைத்தான் 32 பிட். 32 பிட் ப்ராசஸுக்குள்ள 64 பிட் லைப்ரரி நுழையாது. வீட்டு வாசல்ல போர்டு ஒண்ணு, உள்ள குடியிருக்கிறவங்க வேற.

அப்போதான் எனக்கு உறைச்சது. நான் கேட்டுக்கிட்டிருந்த கேள்வியே தப்பு. "இது என்ன மெஷின்?"னு கேட்டேன். கேட்க வேண்டியது "இப்போ ஓடிக்கிட்டிருக்கிற இந்த ப்ராசஸ் எந்த வகை?"ங்கிறது. ஒரு பாயின்டரோட அளவைக் கேட்டா போதும், 4 பைட்னா 32 பிட், 8 பைட்னா 64 பிட். ஒரு வரி வேலை. ஜாவாவுலயும் இதே குழப்பம் இருக்கு, தலைகீழா. ஓஎஸ் ஆர்க்-னு கேட்டா அது ஓடிக்கிட்டிருக்கிற ஜாவாவோட வகையைத்தான் சொல்லும், மெஷினோடதை இல்ல. லைப்ரரி ஏத்துறதுக்கு அதுதான் சரியான பதில். மெஷினைக் காட்டுறதுன்னு நினைச்சு வேற எதுக்காவது பயன்படுத்தினா மாட்டுவீங்க.

கடைசியா என்ன பண்ணோம்

இதை விவரமாவே சொல்றேன், ஏன்னா நீங்க எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதல்ல, எந்த லைப்ரரின்னு முடிவு பண்ற வேலையையும் அதை ஏத்துற வேலையையும் பிரிச்சோம். முடிவு பண்றது இப்போ ஒரு தனி ஃபங்ஷன். மெஷின் பேர், பாயின்டர் அளவு ரெண்டையும் வெளியில இருந்து வாங்கிக்கும், ஃபோல்டர் பேரைத் திருப்பித் தரும். அது எந்த மெஷினையும் நேரடியாப் பாக்காது. இதுல பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. பை இல்லாமலே, மேக் இல்லாமலே, யாரோட லேப்டாப்லயும் எல்லாச் சேர்க்கையையும் டெஸ்ட் பண்ணலாம். எக்ஸ்86-64, ஏஎம்டி64 ரெண்டும் ஒரே ஃபோல்டருக்குப் போகணும். ஏஆர்ச்64-ல 8 பைட்னா 64 பிட் ஆர்ம், அதே பேர்ல 4 பைட்னா 32 பிட் ஆர்ம். இதெல்லாம் ஒரு டேபிள் மாதிரி டெஸ்ட்ல எழுதிட்டோம். (மேக், விண்டோஸுக்கு லைப்ரரி ஃபைலோட வகையே வேற. எங்களுக்கு லினக்ஸ் போதும், அதனால ஓஎஸ் லினக்ஸ் இல்லைன்னா அதையும் தெளிவாச் சொல்லி நிறுத்துறோம்.)

ரெண்டாவது, "இல்லைன்னா எக்ஸ்86"ங்கிற கிளையைத் தூக்கினோம். தெரியாத பேர் வந்தா புரோகிராம் நிக்கணும். நிக்கும்போது, மெஷின் பேர் இது, பைத்தான் இத்தனை பிட், எங்ககிட்ட இருக்கிற லைப்ரரிங்க இதெல்லாம்னு சொல்லிட்டு நிக்கணும். அந்த மெசேஜ் அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு வந்திருந்தா, ஸ்க்ரீன்ஷாட்டே தேவைப்பட்டிருக்காது.

மூணாவது, தோழி எழுதின டெஸ்ட். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். லினக்ஸ் லைப்ரரி ஃபைல் எல்லாமே எல்ஃப்-ங்கிற ஃபார்மட். முதல் பைட் 127, அடுத்த மூணு பைட் இ, எல், எஃப்ங்கிற எழுத்துங்க. பூஜ்யத்துல இருந்து எண்ணினா 4-வது பைட் 1-னா 32 பிட், 2-னா 64 பிட். 18-வது பைட்ல ப்ராசஸர் எண் இருக்கும்: எக்ஸ்86-64-க்கு 62, 32 பிட் ஆர்முக்கு 40, 64 பிட் ஆர்முக்கு 183. அவ டெஸ்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் போய், ஃபைலை ஏத்தாம, வெறுமனே திறந்து அந்த ரெண்டு இடத்தைப் படிச்சு, ஃபோல்டர் பேரோட பொருந்துதான்னு பாக்கும். அவசரத்துல யாராவது தப்பான ஃபைலை தப்பான ஃபோல்டர்ல காப்பி பண்ணா, எந்த லேப்டாப்ல ஓட்டினாலும் பிடிச்சிடும். உங்க ரெப்போல இருக்கிறதை இப்பவே பாக்கணும்னா லினக்ஸ்ல ஃபைல்-ங்கிற கமாண்டே இருக்கு, பேரைக் கொடுத்தா எந்த ஆர்க்கிடெக்சர்னு சொல்லிடும்.

நாலாவது, லைப்ரரியை நிஜமாவே ஏத்துற டெஸ்ட். ஸ்கிப் போட்டிருந்தேனே, அதே டெஸ்ட். அது அப்படியே திரும்ப வந்துடுச்சு. கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல 2025 ஜனவரியில இருந்து, எல்லாரும் பாக்கக் கூடிய ரெப்போவுக்கு ஆர்ம் லினக்ஸ் மெஷினும் இலவசமாக் கிடைக்குது. இப்போ ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ரெண்டு வகை மெஷின்லயும் அந்த டெஸ்ட் ஓடுது.

கம்பைல் பண்ண ஃபைலை ரெப்போல போடறதே தப்பு, இன்ஸ்டால் பண்ணும்போது அங்கயே கம்பைல் பண்ணணும்னு சிலர் சொல்வீங்க. ஒத்துக்கிறேன், நேரம் இருந்தா அதுதான் நல்லது. இல்லைன்னா பைத்தான் வீல் மாதிரி, ஃபைல் பேர்லயே ஆர்க்கிடெக்சரை எழுதி வைக்கலாம். நம்பை இன்ஸ்டால் பண்ணும்போது கீழ ஓடுற ஃபைல் பேரோட கடைசியில எக்ஸ்86-64 அல்லது ஏஆர்ச்64-னு இருக்கும், கவனிச்சுப் பாருங்க. பிப் உங்களுக்கு சத்தமில்லாம பண்றதைத்தான் நாங்க அஞ்சு வரியில தப்பாப் பண்ணோம்.

ஸ்கிப்பே போடக் கூடாதா?

போடலாம். விண்டோஸ்ல மட்டும் இருக்கிற ஒரு வசதியை லினக்ஸ்ல டெஸ்ட் பண்ண முடியாது, நியாயம். நான் இப்போ ஒரு விதி வச்சிருக்கேன்: டெஸ்ட் எந்த மெஷின்ல ஸ்கிப் ஆகுதோ, அந்த மெஷின்ல புரோகிராமும் "இங்க நான் ஓட மாட்டேன்"னு தெளிவாச் சொல்லணும். டெஸ்ட் மட்டும் ஒதுங்கிக்கிட்டு புரோகிராம் ஓடப் பாத்தா, அது ஸ்கிப் இல்ல, மூடி மறைக்கிறது. என்னோட ஸ்கிப் அந்த வகை. காரணமே பொய். "மேக்ல வேலை செய்யாது"ன்னு எழுதினேன், ஆனா விழுந்தது எல்லா 64 பிட் ஆர்ம் லினக்ஸ்லயும். நாங்க டெலிவர் பண்ண வேண்டிய பை உட்பட.

இன்னொரு மெஷின் மாதிரி நடிக்க வைக்கிறதும் இதே கதைதான். தற்காலிகமா வேலை ஓடறதுக்கு ஓகே. அதை வச்சு டெஸ்ட் பச்சையாச்சுன்னு சொன்னா, தோழியோட மெஷினை என் மெஷினா மாத்திட்டு, பாத்தியா ஓடுதுன்னு சொல்றேன்னு அர்த்தம்.

"ப்ளேஸ்மென்ட், அரியர், ரெக்கார்டு நோட்டு, இதுக்கு நடுவுல இதெல்லாம் யார் பாக்கிறது, டெமோ ஓடினா போதாதா?"ன்னு கேக்குறீங்க, புரியுது. ஸ்கிப் போட எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. சரியான ஃபிக்ஸுக்கு ஒரு மத்தியானம் ஆச்சு. அந்த மத்தியானத்தை மிச்சம் பிடிச்சதால எங்களுக்குப் போனது ஒரு முழு ரிவ்யூ. டெமோ ஓடினா போதும்னு நினைச்சோம், டெமோதான் ஓடல.

உலகமும் நம்ம லேப்டாப் மாதிரி இல்ல. அமேசான் தன்னோட ஆர்ம் சர்வரான கிராவிடானை 2018-ல கொண்டு வந்துச்சு. ஆப்பிள் 2020 நவம்பர்ல எம்1-க்கு மாறுச்சு. நேட்டிவ் கோடு வச்சிருக்கிற ஆப்ஸ் 64 பிட்டும் தரணும்னு கூகுள் ப்ளே 2019 ஆகஸ்டுலயே கட்டாயம் பண்ணிடுச்சு. ஐஐடி மெட்ராஸ்ல உருவாக்கின சக்தி ப்ராசஸர் எக்ஸ்86-உம் இல்ல, ஆர்மும் இல்ல, ரிஸ்க்-5. எல்ஃப் ஹெடர்ல அதுக்கு எண் 243. என் பழைய கோடு அதையும் இன்டெல்னு நினைச்சிருக்கும். மைக்ரோப்ராசஸர் லேப்ல 8086-க்கு ஆப்கோடு மனப்பாடம் பண்ணி வைவா சொல்றோம். பையில இருக்குற ஃபோன் எந்த ஆர்க்கிடெக்சர்னு கேட்டா யோசிக்கிறோம்.

கடைசியா ஒண்ணு

இவ்வளவும் டெக்னிக்கல். ஆனா நான் இதை எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஏஆர்ச்64 இல்ல. மூணு பேருக்கு ஓடுதுன்னா நாலாவது ஆள்தான் தப்புன்னு நான் எவ்வளவு ஈஸியா முடிவு பண்ணேன்ங்கிறதுதான். எங்க மூணு பேர் லேப்டாப்பும் ஒரே வகை. மூணு பச்சைன்னு நினைச்சது உண்மையில ஒரே பச்சை, மூணு தடவை. வித்தியாசமான மெஷின் வச்சிருந்தவ ஒருத்திதான் உண்மையிலேயே எங்க கோடை டெஸ்ட் பண்ணா. அவளைத்தான் பேனல் முன்னாடி "என்விரான்மென்ட் இஷ்யூ"ன்னு சொன்னேன்.

எங்க கைடுகிட்டப் போய் நடந்ததை முழுசாச் சொன்னேன். தப்பு லோடர் கோடுல, அதை எழுதினது நான், அவ மாட்யூல் முதல் நாள்ல இருந்தே சரியா இருந்துச்சுன்னு. ஜிட் ஹிஸ்டரியையும் காட்டினேன். முதல் ரிவ்யூ மார்க் ஏற்கனவே போயிடுச்சு, ஃபைனல் ரிவ்யூல பேனல்கிட்ட நானே இதைச் சொல்லணும்னு சார் சொன்னார். சொல்லப் போறேன். அதால மார்க் மாறுமான்னு தெரியல. மாறலைன்னாலும் சொல்லணும்.

தோழிகிட்ட சாரி சொன்னப்போ அவ பெருசா எதுவும் பேசல. "சரி விடு. ஆனா அந்த ஸ்கிப் வரியை நீ எடுக்காத, நான்தான் டெலீட் பண்ணுவேன்"னா. பண்ணா. ஒரே வரி கமிட்.

உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். இதைப் படிச்சு முடிச்சதும் உங்க ப்ராஜெக்ட் ரெப்போவைத் திறந்து ஸ்கிப்னு தேடுங்க. ஒவ்வொண்ணுக்கும் எழுதியிருக்கிற காரணம் உண்மையான்னு பாருங்க. அப்புறம், "உன் மெஷின்லதான் பிரச்சனை"ன்னு நீங்க சொன்ன ஆள் யாராச்சும் டீம்ல இருந்தா, அவங்க பக்கத்துல போய் உக்காந்து அந்த எர்ரர் மெசேஜை முழுசா, முதல் வார்த்தையில இருந்து படிங்க.